ரிமோட் புராஜெக்ட் டீம் ஒன்று ஜெயிப்பதற்கு எது முக்கியம்?

அநேகமாக நீங்கள் புதிதாக டீம் லீட் ஆகியிருப்பீர்கள். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், வேலை நகரவில்லை, மேலே இருப்பவர்கள் "தினமும் இன்னொரு போன் கால் போடுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். போடாதீர்கள். எடுத்த முடிவைக் காரணத்தோடு எழுதி வைக்கிற டீம்தான் தேறும். எழுதாமல் திண்டாடியதையும் எழுதிய பிறகு தேறியதையும் ஒரே புராஜெக்ட்டில் பார்த்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

எங்களுடையது பணம் செலுத்தும் மென்பொருள். டெஸ்டிங் டீம் எங்களுக்கு எட்டு மணி நேரம் தள்ளி இருந்தது. ஒரு பொருளை மட்டும் ரத்து செய்தால் வரியையும் சேர்த்துத் திருப்பித் தருவதா என்ற விதியை, இரண்டு பேர் ஒரு போன் காலில் பேசி மாற்றிவிட்டார்கள். டெஸ்டர்கள் அப்போது தூக்கத்தில். அவர்கள் பழைய விதிப்படி சோதித்து பக் (பிழை) என்று பதிவு போட, டெவலப்பர்கள் "இது பக் இல்லை" என்று மூட, அவர்கள் திரும்பத் திறக்க... ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நாள் போனது. அதற்குள் "அவங்க வேலையே செய்யறதில்லை" என்று இரண்டு பக்கமும் பேச்சு. உண்மையில் ஒருவரும் சோம்பேறி இல்லை. ஆளுக்கொரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதை நிறுத்தியவர் எங்கள் டெஸ்ட் லீட். எல்லோரும் பார்க்கிற ஒரு டாக்குமெண்டில் தேதி, முடிவு, அதற்கான காரணம், கைவிட்ட வழி, பொறுப்பாளர் என்று எழுத ஆரம்பித்தார். அதில் இல்லாத மாற்றத்தைச் சோதிக்க மாட்டேன் என்று உறுதியாக நின்றார். முதலில் பலருக்கு எரிச்சல்தான். அப்புறம் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் யாரையும் எழுப்பாமல் அதைப் படித்தே வேலையைத் தொடங்கினார். அன்றோடு முணுமுணுப்பு நின்றது.

"அப்படியென்றால் பேசவே கூடாதா?" என்று சிலர் வருவீர்கள். பேசுங்கள். மனத்தாங்கல் இருந்தால் போனில் பேசுவதுதான் நல்லது. ஆனால் பேசி முடித்ததை எழுதுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 1991-இலிருந்து வளர்ந்தது பெரும்பாலும் எழுத்தில்தான்; மாற்றங்களை மின்னஞ்சலில் அனுப்பி எல்லோர் முன்னாலும் அலசுகிறார்கள். நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கிற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் அமைப்பான அப்பாச்சியின் திட்டங்களில் ஓட்டெடுப்பு வழக்கமாக 72 மணி நேரமாவது திறந்திருக்கும், எந்த நேர மண்டலத்தில் இருப்பவரும் விடுபடக் கூடாது என்பதற்காக. ஓப்பன் சோர்ஸ் வேறு, கம்பெனி வேறு என்பீர்கள். தூக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வருட அப்ரைசலில் பாராட்டு போனது கேமரா போட்டு நன்றாகப் பேசியவருக்கு. டாக்குமெண்டைக் கட்டிக் காத்தவருக்குக் கிடைத்தது "இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்" என்ற ஒரு வரி. சில மாதங்களில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். உங்கள் டீமில் அப்படி ஒருவர் இருந்தால், அப்ரைசல் படிவத்தில் அவர் பெயரை நீங்களே எழுதுங்கள்.