மொரீஷியஸில் வளரும் 6 வயதுப் பையன் தமிழ்க் கதை வேண்டாம், பிரெஞ்சு காமிக்ஸ்தான் வேண்டும் என்கிறான். என்ன செய்வது?

இது பிடிவாதம் இல்லை, வயசு. 3 வயதில் ஒரே முயல் கதை தினமும் வேண்டும். அடுத்த வரி முன்பே தெரிந்திருப்பதில்தான் அப்போது சுகம். பள்ளிக்கூடம் போனபின் சுறா, எரிமலை, கடற்கொள்ளையர் என்று ஆசை மாறும். வீட்டில் மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பிள்ளையோடு சேர்ந்து வளர, தமிழ்ப் புத்தகம் மட்டும் முயலோடு நின்றுவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

காமிக்ஸையே எடுங்கள். பேச்சுப் பலூனில் உள்ள வசனத்தை விட்டுவிட்டு, படத்தைப் பார்த்துத் தமிழில் பேசுங்கள், ஆளுக்கொரு குரலில். வரிக்கு வரி கிரியோலில் சொல்லாதீர்கள். தமிழைக் காதில் வாங்காமல் கிரியோலுக்காகவே காத்திருப்பான். புதுச் சொற்கள் மூன்று, நான்கு போதும். அவற்றைத் தொடங்குமுன்பே படத்தில் விரல் வைத்துக் காட்டிவிடுங்கள். தமிழ்ப் புத்தகத்தில் ‘சென்றான்’ என்றிருந்தால் ‘போனான்’ என்றே வாசியுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது.

இரவு படுக்கும்போது 10, 15 நிமிடம் வாசித்தால் போதும். சுறா வாயைத் திறக்கும் பக்கத்தில் மூடிவிட்டால் மறுநாள் அவனே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவான். நடுவில் ‘இது என்ன எழுத்து?’ என்று கேட்காதீர்கள். படுக்கை வகுப்பறை ஆகிவிடும். எழுத்துப் பயிற்சியைச் சனிக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாம்.