ஃபிலிம் நெகட்டிவ்லயே எல்லாம் இருக்கே, டார்க்ரூம்ல, அதாவது போட்டோ கழுவுற இருட்டறைல, பிரிண்ட் போடுறவருக்கு அப்படி என்ன வேலை?

பாதிப் படமே அங்கதாங்க உருவாகுது. என்லார்ஜர்னு படத்த பெருசாக்கிக் காட்டுற மெஷின், அதோட வெளிச்சம் நெகட்டிவ் வழியா போட்டோ பேப்பர் மேல விழும், எவ்வளவு நேரம் விழுதோ அவ்வளவு கறுப்பாகும், கேக்க சிம்பிள்தான். ஆனா 20 செகண்ட் கொடுத்தா முகம் சரியா வரும், வானம் வெறும் வெள்ளையா நிக்கும். அப்போ முகத்த அட்டையால மறைச்சுக்கிட்டு வானத்துக்கு மட்டும் இன்னொரு 15 செகண்ட் கொடுக்கணும், இது பர்னிங். நிழல்ல முங்கிப்போற கண்ண காப்பாத்த, கம்பி நுனில ஒட்டின சின்ன அட்டைய நடுவுல காட்டுறது டாட்ஜிங். அட்டைய ஆட்டிக்கிட்டே இருக்கணும், கை நின்னுச்சுன்னா ஓரத்துல கோடு விழுந்துடும், பேப்பர் வேஸ்ட். இதுல பெரிய கடுப்பு என்னன்னா, பேப்பர கழுவுற ட்ரேல ஈரமா பாக்கறப்ப அருமையா இருக்கும், காஞ்சதும் லேசா கறுத்துடும், அதையும் முன்கூட்டியே கணக்கு பண்ணி நேரத்த குறைக்கணும்.

அமெரிக்க போட்டோகிராஃபர் ஆன்சல் ஆடம்ஸ் தன் படங்களுக்குத் தானே பிரிண்ட் போட்டார், அதனால அந்த உழைப்பு அவர் பேர்லயே சேர்ந்துச்சு. பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் அப்படி இல்ல, டார்க்ரூம் பக்கம் பெருசா போகாதவர், பாரிஸ்ல பியர் காஸ்மன் 1950ல ஆரம்பிச்ச லேப்லதான் அவர் படங்கள பிரிண்ட் போட்டாங்க. அங்க வோயா மித்ரோவிச்னு ஒருத்தர் வருஷக்கணக்கா அவருக்கு பிரிண்ட் போட்டுக் கொடுத்தார், ஆனா படத்துக்குக் கீழ அந்தப் பேர நான் பாத்ததே இல்ல.