தாத்தாவின் வேக்குமேட்டிக்குக்கு எந்த மை?

தாத்தாவின் பழைய ஃபவுண்டன் பேனாவான பார்க்கர் வேக்குமேட்டிக்கில் சிவப்பு மையோ, படம் வரைகிற இந்தியன் இங்க்கோ ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம் சார். இந்தியன் இங்க்கில் பெரும்பாலும் அரக்கு இருக்கும். நிப்புக்கு மை கொண்டுவரும் ஃபீடின் மெல்லிய பள்ளத்தில் காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. சிவப்பு அடைக்காது, ஆனால் உடலில் வெளிச்சம் ஊடுருவும் அந்த வளையங்களில் சாயம் ஏறிவிடும். அந்த வளையங்கள்தானே பேனாவின் அழகே!

பார்க்கரின் குவிங்க் வாஷபிள் புளூ மை போதும். வாட்டர்மேன் நீலமும் சரி. வேறு மையில் ஆசை வந்தால், வெள்ளை பிளாஸ்டிக் மூடியில் ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்கக் காயவைத்துக் குழாயில் காட்டுங்கள். கறை நின்றால் பேனாவிலும் நிற்கும்.

அப்புறம், மை ஊற்றும் முன் உள்ளே மையை உறிஞ்ச உதவும் ரப்பர் சவ்வை, அதாவது டயஃப்ரமைப் பாருங்கள். எழுபது எண்பது வருட ரப்பர், விறைத்துப்போயிருக்கும்; மாற்றித்தான் ஆக வேண்டும். கழுவ வெந்நீரோ ஸ்பிரிட்டோ கூடாது, பேனாவின் செல்லுலாய்ட் உடல் கெட்டுவிடும். நம்ம ஊர் போர் தண்ணீரும் உப்பு. ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். மே மாத வெயிலில் மையோடு பேனாவைச் சும்மா போட்டுவைக்காதீர்கள். எழுதாத வாரம் காலி செய்துவிடுங்கள்.