பதில்: லூசிஃபரேஸில் சாயம் கண்ட இடத்தில் ஒட்டுகிறதா?

மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் புரதமான லூசிஃபரேஸில் இரண்டு சிஸ்டைன் (கந்தகமுள்ள அமினோ அமிலம்) புகுத்தி, சிஸ்டைனில் ஒட்டும் மெலிமைடு சாயங்கள் இரண்டை ஒட்டினீர்கள்; யூரியாவில் புரதத்தின் மடிப்பை விரித்தும் ஃப்ரெட் (இடைவெளிக்கு ஏற்ப ஒரு சாயத்திலிருந்து மற்றதுக்கு ஆற்றல் தாவுவது) மாறவில்லை என்கிறீர்கள். சரி, அந்தப் புரதத்தில் இயல்பாகவே நான்கு சிஸ்டைன் உண்டே, அவற்றை நீக்கினீர்களா? விட்டிருந்தால் சாயம் அங்கும் போயிருக்கும். நீக்கிய பிறகு ஒளி வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் மடிப்பே கெட்டிருக்கலாம்.

அப்புறம், சிஸ்டைன்களை ஒடுக்கச் சேர்க்கும் டிடிடி மிச்சமிருந்தால் அதுவே மெலிமைடைத் தின்றுவிடும். சாயத்துக்கு முன் டீசால்ட் செய்து (சிறு மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்து) அதை நீக்குங்கள். பிஎச் 7 முதல் 7.5 போதும், 8ஐத் தாண்டினால் லைசின் என்ற வேறு அமினோ அமிலத்திலும் ஒட்டும்.

இரு சாயத்தையும் ஒன்றாகப் போட்டால் ஒரே சாயம் இரண்டு சிஸ்டைனிலும் ஏறிய மூலக்கூறுகளும் கலந்துவரும். இவ்வளவு பெரிய புரதத்துக்கு, ஓரிடத்தில் மட்டும் ஆம்பர் கோடான் (மரபணுவில் ஒரு நிறுத்தக் குறியீடு) வழியாக அசிட்டைல்ஃபினைல்அலனின் என்ற செயற்கை அமினோ அமிலத்தை வைத்து, அதில் ஒட்டும் ஹைட்ராக்சிலமீன் சாயத்தைச் சேர்ப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். குளோனிங் (மரபணுவை மாற்றியமைக்கும்) வேலை கூடும்தான்.