மற்றும் பிறர்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக உணவு நுண்ணுயிரியல் ஆய்வில் இருக்கிறேன். இதுவரை 23 கட்டுரைகள், எச்-இண்டெக்ஸ் 11. என்னோடு தொடங்கியவர்கள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார், 'என்ன கண்டுபிடிச்சீங்க மாப்பிள்ளை?' என்கிறார். ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை வந்திருக்கிறது. போய்விடலாமா? இன்னொரு வருத்தம், இட்லியைப் பற்றி எழுதினால்கூட அமெரிக்காக்காரனைத்தான் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. நம் பாட்டிகளுக்குத் தெரியாததா?

ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள தம்பி,

மாமனாரை விடுங்கள். 'மாவு ஏன் பொங்குதுன்னு பார்க்கிறேன் மாமா' என்று சொல்லிவிட்டு இன்னொரு முறுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எச்-இண்டெக்ஸ் எண்ணையும் விடுங்கள். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் போட்ட கணக்கு. 11 என்றால், இவருடைய கட்டுரைகளில் 11, தலைக்குக் குறைந்தது 11 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. வாழ்நாளில் ஒரே கட்டுரை எழுதி, அதை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் எண் 1தான். அந்த எண்ணில் அடங்காத ஒன்றைச் சொல்கிறேன்: 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் ஷிராசு என்ற பொடிமீனைத் தின்று 272 பேர் நோயுற்றார்கள், 20 பேர் இறந்தார்கள். ஃபுஜினோ என்ற ஆய்வாளர் அதிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 2009 ஏப்ரலில் நம் கேலாங் சிராயில் ரோஜாக் சாப்பிட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று, இருவர் இறந்தபோது பிடிபட்டதும் அதே கிருமிதான். எதைத் தேடுவது என்று தெரிந்திருந்ததே, அது ஃபுஜினோ விட்டுப்போனது. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட உண்மைக்கு யார் மேற்கோள் போடுகிறார்கள்?

ஆனால் பாட்டி விஷயத்தில் உங்களை விடமாட்டேன்.

நீங்கள் சொல்லும் 'அமெரிக்காக்காரன்' கட்டுரையின் முதல் பெயரைப் பார்த்தீர்களா? முகர்ஜி! 1965இல் வந்தது, ஐந்து பேர் எழுதியது. கடைசிப் பெயர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஸ்டைன்கிராஸ். நடுவில் இருக்கும் பெடர்சன் முட்டைக்கோஸ் ஊறுகாயில் ஊறிய மனிதர், வான் வீன் ஜாவாவில் வேலை பார்த்த டச்சுக்காரர். மேற்கோளில் 'முகர்ஜி மற்றும் பிறர்' என்று போட்டு நாலு பேரை விழுங்கிவிடுகிறீர்கள், பிறகு அமெரிக்காக்காரன் என்று புலம்புகிறீர்கள். மாவைப் பொங்கவைப்பது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா, அது ஊறவைக்கும்போதே பெருகத் தொடங்கிவிடுகிறது என்று காட்டியவர்கள் அவர்கள்தான். முட்டைக்கோஸைப் புளிக்கவைக்கத் தொடங்குவதும் அதே பாக்டீரியாதான். நம் பாட்டிக்குக் கைப்பக்குவம் தெரியும். எந்த நேரத்தில் எது எவ்வளவு பெருகியது என்று எண்ணி, 'நான் சொல்வது தப்பா என்று நீயே செய்து பார்' என்று ஊருக்கு நீட்டியது அவர்கள். 'எங்களுக்கு அப்பவே தெரியும்' என்பதைப் போன்ற சோம்பேறித்தனம் வேறில்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், போன வாரம் தேக்காவில் மாவுப் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்தேன். காலாவதித் தேதி அச்சடித்திருந்தது. அம்மா நினைவு வந்துவிட்டது.

எண்பதுகளில் அங் மோ கியோ வீட்டில் அம்மா மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்றார். ஒவ்வொரு பையிலும் அரைத்த நேரத்தைப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதுவார், '5.40' என்று. அதோடு ஒரு நோட்டு வைத்திருந்தார், பின் அட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த என் பழைய பள்ளிக்கூட நோட்டு. 'மழை. 9 மணி நேரம். மட்டு.' 'புது உளுந்து. 6 மணிக்கே வழிந்தது.' 'பழைய உளுந்து. கல்.' நாலைந்து வரிக்கு ஒரு தடவை, 'கொட்டினேன்.' அந்த ஒரு சொல்லை மட்டும் அடிக்கோடிட்டிருப்பார். ஏழாம் வகுப்பு படித்தவர், தோற்ற மாவையும் கணக்கில் வைத்தார்.

வீடு மாறியபோது, பழைய செய்தித்தாள்களோடு அந்த நோட்டையும் கரங்கூனிக்காரரிடம் போட்டேன். நான்தான் போட்டேன். எழுத்தாளன்!

ஆகவே, எண் 11 என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. உங்கள் 23 கட்டுரைகளில் எத்தனை 'கொட்டினேன்' இருக்கிறது? ஒன்றும் இருக்காது. வெற்றி பெற்றதை மட்டும் அனுப்பியிருப்பீர்கள், எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள். சரிவராத சோதனைகள் உங்கள் ஆய்வக நோட்டில் தேதியோடு தூங்கிக்கொண்டிருக்கும். அதே சோதனையைச் செய்து இன்னொரு பிள்ளை எங்கோ ஒரு வருடத்தைப் பாழாக்கிக்கொண்டிருக்கும். அவற்றை எழுதி வெளியிடுங்கள். யாரும் மேற்கோள் காட்டமாட்டார்கள், தெரியும். எழுதுங்கள்.

தரக்கட்டுப்பாட்டு வேலையைப் பற்றி ஏதோ கேட்டிருந்தீர்கள். சம்பளம் எவ்வளவு என்று எழுதவே இல்லையே, தம்பி.