ஓடினால் கெண்டைக்கால் இறுகுகிறது: ஸ்டென்ட் போதுமா?

கேள்வி: வயது 21. காவலர் தேர்வுக்காக 1,500 மீட்டர் ஓடிப் பழகுகிறேன். இரண்டாவது சுற்றிலேயே இடது கெண்டைக்கால் கல்லாக இறுகி, பாதம் மரத்துவிடுகிறது. ஐந்து நிமிடம் நின்றால் சரியாகிறது. முழங்காலுக்குப் பின்னால் தசை ரத்தக்குழாயை அழுத்துவதாக ஸ்கேனில் தெரிந்தது. ஆபரேஷன் என்கிறார்கள். ஸ்டென்ட் வைத்துச் சமாளிக்க முடியாதா? மறுபடி ஓடலாமா?

பதில்: ஸ்டென்ட் வேண்டாம், தம்பி. வயதானவர்களுக்குக் கொழுப்பு படிந்து குழாய்க்குள் அடைப்பு வரும். உங்களுக்கு நெருக்கடி வெளியே இருக்கிறது. தோட்டத்து ரப்பர் குழாயை ஒருவர் மிதித்துக்கொண்டு நிற்கும்போது உள்ளே ஸ்டென்ட் என்ற கம்பிச்சுருளை நுழைத்து என்ன பயன்? சதை நசுக்க நசுக்க ஸ்டென்டே முறியலாம்.

காலுக்குப் போகும் பெரிய தமனி, கெண்டைச் சதையின் இரு தலைகளுக்கு, அதாவது மேல்முனைகளுக்கு, நடுவே இறங்க வேண்டும். கருவில் வளரும்போதே சிலருக்கு இந்த அமைப்பு இடம் மாறிவிடுகிறது. 1879இல் எடின்பரோவில் ஒரு மருத்துவ மாணவர், வெட்டியெடுக்கப்பட்ட காலை அறுத்துப் பார்த்தபோது இதைக் கண்டு எழுதினார்.

முழங்காலை நீட்டி, பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லிவிட்டுப் புறங்காலில் விரல் வைத்தால், துடித்துக்கொண்டிருந்த நாடி விரலடியில் அப்படியே காணாமல் போகும். குறையே இல்லாத பலருக்கும் இப்படி ஆகும் என்பதுதான் சிக்கல். வலி இல்லாதவருக்கு இதை வைத்துக் கத்தி எடுக்கக் கூடாது. உங்களுக்கோ வலியும் இருக்கிறது, ஸ்கேனும் ஒத்துப்போகிறது.

குப்புறப் படுக்கவைத்து, முழங்காலின் பின்குழியைத் திறந்து, அழுத்தும் தசையையோ நாரையோ வெட்டி விடுவிப்பார்கள். குழாய் கெடாமல் இருந்தால் வேலை அத்தோடு முடிந்தது. வருடக்கணக்கில் நசுங்கிச் சுவர் தடித்தோ, வீங்கியோ, ரத்தம் உறைந்தோ போயிருந்தால், உங்கள் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து ஒட்டுப்போட வேண்டும். அது பெரிய ஆபரேஷன். தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

வலது காலையும் சோதிக்கச் சொல்லுங்கள். வலிக்காத காலிலும் இதே கோளாறு ஒளிந்திருப்பது சகஜம். தசையை மட்டும் விடுவித்தால் சில நாளில் நடக்கலாம். பெரும்பாலோர் சில மாதங்களில் ஓட்டத்துக்குத் திரும்புகிறார்கள். இந்த முறை தேர்வு போனால் போகட்டும்.

அதுவரை ஓட்டம் கூடாது. பாதம் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, ஓய்விலும் வலித்தால் விடியட்டும் என்று காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.