ஆச்சிக்கு வைக்கும் கரண்டும் ஜெனீவா வளையமும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். என் ஆச்சிக்கு மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் முடிந்துவிட்டது. திருநெல்வேலியில் 15 நாள் கரண்டு, அதாவது கதிர் சிகிச்சை, வைக்க வேண்டும் என்று டாக்டர் எழுதித் தந்திருக்கிறார். சீட்டில் 'லீனியர் ஆக்சிலரேட்டர்' என்று இருந்ததை மாமா சத்தமாக வாசித்துவிட்டார். ஜெனீவாவில் பூமிக்கடியில் இருக்கும் ஆக்சிலரேட்டர் கருந்துளையை உண்டாக்கி உலகத்தை விழுங்கப்போகிறது, அங்கே நடராஜர் சிலைக்கு முன்னால் நரபலி கொடுக்கிறார்கள் என்றெல்லாம் வாட்ஸப்பில் வந்த வீடியோவை ஆச்சி பார்த்திருக்கிறாள். "அந்த மெசின்லயா என்னைப் படுக்கப் போடப் போறீய?" என்கிறாள். என் தம்பியோ, அந்த மெஷினால் கேன்சரே ஒழியும், கரண்டு பில்லே இருக்காது என்கிறான். எது நிஜம்?

ஒரு மாணவன், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தம்பி,

ஆச்சி பயப்படுவதில் தப்பே இல்லை. ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் யாருக்கும் குழப்பம் வரும். மின்னேற்றமுள்ள துகளை வேகப்படுத்தும் எதற்கும் ஆக்சிலரேட்டர், அதாவது முடுக்கி என்றுதான் பெயர். வீட்டில் முன்பிருந்த பெட்டி டி.வி.யின் பிக்சர் டியூபும் ஒரு முடுக்கிதான். அதில் எலக்ட்ரானைத் தள்ளிவிட்டது சுமார் 25,000 வோல்ட். ஆச்சி வருஷக்கணக்காக அதன் முன்னால் உட்கார்ந்து நாடகம் பார்த்திருப்பார். இப்போது அவருக்கு வைக்கப்போகும் மெஷினில் அது சாதாரணமாக 60 லட்சம் வோல்ட். ஜெனீவா வளையத்தில், அதாவது செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. என்ற வளைய வடிவ முடுக்கியில், ஒரு புரோட்டானுக்குக் கிடைப்பது 6.8 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட். ஒரு வோல்ட் தள்ளினால் ஒரு எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் ஆற்றல்தான் ஒரு எலக்ட்ரான் வோல்ட். ஆச்சியின் மெஷினைப்போலப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

அந்தப் பெரிய வளையத்தின் சுற்றளவு 27 கிலோமீட்டர். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில் தரைக்கு அடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் ஓடுகிறது. எதிரெதிரே வரும் இரண்டு புரோட்டான்கள் மோதும்போது வெளிப்படுவது மொத்தம் 13.6 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட். எண் பெரிதாகத் தெரிகிறது, ஆனால் ஜூல் கணக்கில் ஒரு ஜூலில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான். பறக்கும் பத்துப் பதினைந்து கொசுக்களின் வேகத்தில் இருக்கும் ஆற்றல். அது புரோட்டானைவிடச் சிறிய இடத்தில் குவிவதால்தான் இயற்பியலுக்குப் பயன்படுகிறது.

கருந்துளைக்கு வருவோம். வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமியில் விழுந்துகொண்டிருக்கின்றன. 1991 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரே ஒரு துகளின் ஆற்றல் ஏறத்தாழ 50 ஜூல். ஒரு கிலோ தேங்காய் ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது இருக்கும் ஆற்றல் அது. ஆனால் இதை நேராக ஒப்பிடக் கூடாது. வளையத்தில் இரண்டும் எதிரெதிரே மோதுகின்றன, வானத்துத் துகளோ சும்மா நிற்கும் காற்றின் மேல் மோதுகிறது. அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தால், வளையத்தின் மோதலுக்குச் சமமாக ஒரு காஸ்மிக் துகளுக்கு 0.016 ஜூல் இருந்தால் போதும். அப்படிப்பட்டவை 450 கோடி வருஷமாகப் பூமியின் மேல் விழுகின்றன. விழுங்குவதாயிருந்தால் எப்போதோ விழுங்கியிருக்கும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வானத்து மோதலில் பிறக்கும் கருந்துளை அதே வேகத்தில் பூமியைத் துளைத்துக்கொண்டு போய்விடலாம், வளையத்தில் பிறப்பது நின்றுவிடலாமே? 2008இல் இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எரிந்து முடிந்த நட்சத்திரங்களான வெள்ளைக் குள்ளன், நியூட்ரான் நட்சத்திரம் போன்றவை மிக அடர்த்தியானவை. அப்படிப் பாயும் ஒன்றைத் தடுத்து நிறுத்திவிடும். அவற்றின் மேலும் இதே மழை கோடிக்கணக்கான வருஷமாகப் பெய்கிறது. அவை வானத்தில் அப்படியே இருக்கின்றன.

நடராஜர் சிலை நிஜம். 2004இல் இந்திய அரசு பரிசாகக் கொடுத்தது, சுமார் 2 மீட்டர் உயரம். நரபலி வீடியோ 2016இல் சிலர் இரவில் விளையாட்டாக எடுத்த நாடகம், அந்த ஆய்வகமே அதை மறுத்து விசாரித்தது. ஆச்சியை நெல்லையப்பர் கோயில் தாமிர சபைக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள். உடுக்கை ஒரு கையில், தீ ஒரு கையில், 'பயப்படாதே' என்று இன்னொரு கை. ஆச்சிக்கு நானோ நீயோ விளக்க வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிதான். வளையத்தில் 1232 பெரிய வளைவுக் காந்தங்கள், ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம், 35 டன். அவற்றைத் தாங்கி மயிரிழைக்கும் குறைவாக நகர்த்திச் சரிபார்க்கும் ஜாக்கிகள், ஒரு காந்தத்துக்கு மூன்று, இந்தியாவிலிருந்து போனவை. காந்தங்களை ஹீலியத்தில் மைனஸ் 271.3 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினுக்குப் பயன்படும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253. அதைவிட 18 டிகிரி கீழே. அந்தக் குளிரில் கம்பிக்கு மின்தடையே இருக்காது. ஆனால் காந்தத்துக்குக் காந்தம் கம்பியைச் சேர்க்கும் சால்டர் இணைப்பு நன்றாக இருக்க வேண்டும்.

2008 செப்டம்பர் 19 அன்று அப்படி ஒரே ஒரு இணைப்புதான் சரியில்லை. அதன் தடை ஏறத்தாழ 200 நானோ ஓம். ஒரு ஓமை நூறு கோடியாகப் பங்கு போட்டால் அதில் 200 பங்கு. 7000 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் வரும் சூடு 10 வாட், வீட்டு எல்.இ.டி. பல்பு அளவு. கரண்டை மேலும் ஏற்றியபோது இணைப்பு கருகி, தீப்பொறி பாய்ந்து, ஹீலியம் உறையைத் துளைத்தது. சுமார் 6 டன் ஹீலியம் சுரங்கத்தில் கொட்டியது. அழுத்தம் காந்தங்களைத் தரையிலிருந்து பெயர்த்தது. 53 காந்தங்களை மேலே எடுத்துச் சரிசெய்ய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கரண்டு ஏற்றும்போது சுரங்கத்தில் ஆள் இருக்கக் கூடாது என்ற விதியால் ஒருவருக்கும் காயமில்லை. உலகம் அழியுமா என்று டி.வி.க்காரர்கள் கூவிய நாளிலிருந்து ஒன்பதாம் நாள் இது நடந்தது. சால்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

மருத்துவ மெஷினிலும் அப்படித்தான். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற மெஷின் ஆறு பேருக்கு அளவுக்கு மேல் கதிர் பாய்ச்சியது, சிலர் இறந்தார்கள். முந்தைய மாடலில் இருந்த, மின்சுற்றே நேரடியாக நிறுத்தும் தடுப்புகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியதுதான் காரணம். ஆபரேட்டர் திரையில் வேகமாகத் திருத்தினால் மென்பொருள் தடுமாறியது.

இன்றைய லினாக்கில், அதாவது ஆச்சியின் சீட்டில் இருந்த லீனியர் ஆக்சிலரேட்டரில், செம்புக் குழாயில் மைக்ரோவேவ் அலை எலக்ட்ரானைத் தள்ள, அது டங்ஸ்டன் தகட்டில் மோதி எக்ஸ்ரே வருகிறது. வெளியே வரும் அளவை மெஷினுக்குள் இருக்கும் இரண்டு தனித்தனி அளவுக் கருவிகள் அளக்கும். ஒன்று நிறுத்தத் தவறினால் மற்றது நிறுத்தும். கதவு திறந்தால் உடனே நின்றுவிடும். பழைய கோபால்ட் மெஷினுக்குள் இருக்கும் உலோகம் எப்போதும் கதிர் வீசிக்கொண்டிருக்கும், இதில் சுவிட்சை அணைத்தால் எக்ஸ்ரே அந்த நொடியே இல்லை. கூடங்குளத்து அணு உலையோடும் இதைச் சேர்க்க வேண்டாம், உள்ளே எரிபொருள் எதுவும் கிடையாது. ஆச்சியின் உடம்பிலும் எதுவும் தங்காது, அன்று சாயங்காலமே பேரன் பேத்தியை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

உன் தம்பி சொல்லும் கரண்டு பில் கதை தவறு. வளையம் கரண்டு தின்னும், தராது. புற்றுநோய்க்குப் புரோட்டான் சிகிச்சை 2019இலிருந்து சென்னையில் உண்டு. குழந்தைகளுக்கும், மூளையின் அடிப்பகுதிக் கட்டிகளுக்கும் அது பெரிய வரம். ஆச்சியைப்போன்ற பெரும்பாலோருக்கு இந்த எக்ஸ்ரே லினாக்கே போதும். வயலை விற்றுச் சென்னைக்கு ஓடும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

முதல் நாள் அங்கே போனதும் இரண்டு கேள்வி கேட்கலாம். இன்று காலை மெஷினின் அளவைச் சோதித்தாகிவிட்டதா? ஆச்சியை உள்ளே தனியாக விட்டபின் கேமராவில் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? நல்ல இடத்தில் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். மெஷின் ஓடுவது ஒன்றிரண்டு நிமிஷம்தான், மீதி நேரமெல்லாம் தோலில் போட்ட மைக்கோட்டோடு லேசர் கோட்டைப் பொருத்தத்தான். மூன்றாவது வாரத்தில் தோல் சிவந்து எரியலாம், அசதியும் வரும். அவர்கள் சொல்லாமல் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் பூச வேண்டாம். தளர்ந்த பருத்தி ரவிக்கை போதும். குளிக்கும்போது கோடு அழிந்துவிட்டால் வீட்டில் பேனாவால் வரைந்துவிடாமல், மறுநாள் அங்கேயே சொல்லுங்கள்.